அப்பாவுக்கு மாரடைப்பு, எனக்கு எந்த டெஸ்ட்?

வாசகர் கேள்வி – பதில்: இதயமும் மரபணுவும்

ரத்தத்தில் மரபணு பார்த்து மாரடைப்பு ஆபத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். பலர் ரிப்போர்ட் நகலும் அனுப்பியிருப்பதால் பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும். கொழுப்பு எண்கள் எல்லாம், வேறாகச் சொல்லாத இடங்களில், டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

கேள்வி: எனக்கு 38 வயது. அப்பா 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு சுகர், பிரஷர் இல்லை. ஹெல்த் செக்கப் போன இடத்தில் ‘இதய மரபணு பேக்கேஜ்’ என்று 15,000 ரூபாய் சொல்கிறார்கள். எடுத்தால் எனக்கு வருமா, எப்போது வரும் என்று தெரிந்துவிடுமா?
— திண்டுக்கல்

எப்போது என்பதை எந்த டெஸ்ட்டும் சொல்லாது. வருமா என்பதற்கும் ‘மற்றவர்களைவிட உங்களுக்கு எவ்வளவு கூடுதல்’ என்ற அளவில்தான் பதில் கிடைக்கும்.

பேக்கேஜ் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு சமாச்சாரங்களை ஒரே கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று புரியும்.

முதலாவது, ஒற்றை மரபணுக் கோளாறு. எல்டிஎல்ஆர், ஏபிஓபி, பிசிஎஸ்கே9 ஆகிய மரபணுக்களில் ஒன்றில் பழுது இருந்தால், கெட்ட கொழுப்பான எல்டிஎல் பிறந்ததிலிருந்தே ஏறி நிற்கும். குடும்பவழி அதிகொழுப்பு என்கிற இது சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. கண்டுபிடித்தால் வைத்தியம் உண்டு, குடும்பத்தில் மற்றவர்களையும் காப்பாற்றலாம். காசு கொடுப்பதற்கு நியாயம் உள்ள பகுதி இது.

இரண்டாவது, பல்மரபணு ஸ்கோர். 2007-ல் ஒன்பதாவது குரோமோசோமில் 9பி21 என்ற இடம் மாரடைப்போடு தொடர்புள்ளது என்று ஒரே நேரத்தில் பல குழுக்கள் கண்டுபிடித்தன. அங்கே ஆபத்தான வடிவம் ஒரு பிரதி இருந்தால் ஆபத்து கூடுவது ஏறத்தாழ கால் பங்குதான். தனியாக அதை வைத்து யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சின்னச் சின்ன வேறுபாடுகளையெல்லாம் கூட்டினால்? 2018-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 66 லட்சம் இடங்களைக் கூட்டி ஒரு ஸ்கோர் போட்டார்கள். பிரிட்டனின் பயோபேங்க் (லட்சக்கணக்கானோரின் மரபணு, உடல்நலத் தகவல் சேமிப்பு) தரவில் அதைச் சோதித்தபோது, 8 சதவீதம் பேருக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கோ அதற்கு மேலோ ஆபத்து இருப்பது தெரிந்தது. இவர்களில் பெரும்பாலோருக்குக் கொழுப்பு ரிப்போர்ட்டில் பெரிதாக எதுவும் தெரியாது. ஸ்கோருக்கு மதிப்பு இருப்பது அதனால்தான்.

மூன்றாவது, மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் மரபணுக்களும், எம்டிஹெச்எஃப்ஆர் மாதிரி சில்லறையும். பக்கத்தை நிரப்ப உதவும்.

உங்களுக்கு எங்கள் ஆலோசனை இந்த வரிசை. முதலில் முழு கொழுப்பு ரிப்போர்ட், லிப்போபுரோட்டீன்-ஏ (சுருக்கமாக எல்பி-ஏ, எல்டிஎல் மாதிரியான ஒரு கொழுப்புத் துகள்), ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் எடுத்த பிரஷர். இவற்றின் மொத்தச் செலவு அந்தப் பேக்கேஜில் சிறு பங்குதான். கூடவே ஒரு தாளில் குடும்ப மரம் வரையுங்கள்: யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், திடீர் மரணம். ஆண்களுக்கு 55-க்கு முன், பெண்களுக்கு 65-க்கு முன் வந்தால்தான் அது ‘இளவயது’க் கணக்கு. உங்கள் அப்பா அதில் வருகிறார். அவர் பீடி, சிகரெட் பிடித்தவரா, சுகர் இருந்ததா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடும்பத்தில் இறங்குவது மரபணு மட்டுமல்ல.

எல்டிஎல் 190-ஐத் தாண்டினால் முதல் வகை மரபணு டெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள். எல்டிஎல் 110, 130 என்று நடுவாந்திரமாக இருந்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்குவதா வேண்டாமா என்று டாக்டரே யோசிக்கிற நிலை வந்தால், பல்மரபணு ஸ்கோரோ இதயக் கால்சியம் சிடி ஸ்கேனோ முடிவெடுக்க உதவும். ஆனால் 38 வயதில் கால்சியம் பூஜ்யம் என்று வருவது சாதாரணம். கால்சியம் படியாத மென்மையான படிவு அந்த ஸ்கேனில் தெரியாது. இளவயதில் மரபணு ஸ்கோருக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

ஸ்கோர் வந்தால் ‘இரு மடங்கு’ என்ற வார்த்தையைப் பார்த்துப் பதற வேண்டாம். எதற்கு இரு மடங்கு என்று கேளுங்கள். உங்கள் பத்து வருட ஆபத்து 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது 6 ஆகிறது. நூற்றில் 94 பேருக்கு அந்தப் பத்து வருடத்தில் ஒன்றும் ஆகாது. அதே சமயம், இந்த வயதில் 6 என்பது அலட்சியப்படுத்துகிற எண்ணும் அல்ல.

கேள்வி: எல்பி-ஏ டெஸ்ட் ஒரு லேபில் 78 என்றும், இன்னொரு லேபில் 160 என்றும் வந்திருக்கிறது. எது சரி? இதைக் குறைக்க எதைச் சாப்பிட வேண்டும்?
— சேலம்

இரண்டும் சரி. அலகைப் பாருங்கள்: 78 மில்லிகிராம் கணக்கு, 160 லிட்டருக்கு நானோமோல் கணக்கு. முதலாவது எடை, இரண்டாவது துகள்களின் எண்ணிக்கை. இந்தத் துகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ‘கிரிங்கிள்’ என்கிற மடிப்பு சிலருக்குக் குறைவாகவும் சிலருக்கு நாற்பது வரைக்கும் அடுக்கடுக்காகவும் இருக்கும். அதனால் ஒன்றை மற்றொன்றாக மாற்றத் துல்லியமான வாய்ப்பாடு கிடையாது. தோராயமாக 2 முதல் 2.5-ஆல் பெருக்குவார்கள். இனி எடுத்தால் நானோமோலில் தருகிற லேபாகப் பாருங்கள். 50 மில்லிகிராம் அல்லது 125 நானோமோலுக்கு மேல் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் எந்தக் கணக்கிலும் மேலேதான்.

மரபணு டெஸ்ட் என்ற பெயர் இல்லாத மரபணு டெஸ்ட் இது. எல்பி-ஏ அளவில் பெரும்பகுதியை, 80, 90 சதவீதத்தை, ஆறாவது குரோமோசோமில் உள்ள எல்பிஏ என்ற ஒரே மரபணு தீர்மானிக்கிறது. ஐந்து வயதுக்குள் அளவு நிலைத்துவிடும். பிறகு சாப்பாட்டாலோ நடைப்பயிற்சியாலோ நகராது. ஆகவே எதைச் சாப்பிட்டாலும் குறையாது என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் பெரும்பாலோருக்குப் போதும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும், சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கும், தைராய்டு குறைந்தவர்களுக்கும் ஏறலாம். அவர்கள் திரும்ப எடுப்பதில் அர்த்தம் உண்டு. கடுமையான காய்ச்சல், ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்தால் எண் தப்பாக வரக்கூடும்.

ஸ்டேட்டின் இதைக் குறைக்காது. சிலருக்குக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். அதற்காக ஸ்டேட்டினை நிறுத்திவிடாதீர்கள். எல்பி-ஏ-யைத் தொட முடியாதபோது எல்டிஎல்லை இன்னும் கீழே இறக்குவதும், பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைப்பதும்தான் இப்போது கையில் உள்ள வழி. பிசிஎஸ்கே9 புரதத்தை அடைத்து எல்டிஎல்லை இறக்குகிற ஊசிகள் எல்பி-ஏ-யைக் கால் பங்கு அளவுக்குக் குறைக்கும், விலை அதிகம். மரபணுச் செய்தியையே அடைத்து 80 சதவீதத்துக்கும் மேல் குறைக்கிற பெலாகார்சன், ஓல்பாசிரான் போன்ற மருந்துகள் பெரிய சோதனைகளுக்குப் போயிருக்கின்றன.

இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோரையும் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். எல்பி-ஏ இதயத்தின் பெருநாடி வால்வையும் சுருக்கும் என்பதால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வால்வு சத்தத்தைக் கவனித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கை முட்டியிலும் குதிகாலுக்கு மேலும் மஞ்சளாகக் கட்டிகள். தோல் டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். எல்டிஎல் 480! நானும் கணவரும் மாமன் – அக்கா மகள் உறவு. மகனுக்கு 7 வயது. மரபணு டெஸ்ட் முதலிலா, மருந்து முதலிலா?
— கரூர்

மருந்து முதலில். மரபணு ரிசல்ட் வரச் சில வாரம் ஆகும், அதுவரை காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே குழந்தைகள் இதய டாக்டரைப் பார்த்து எக்கோ எடுங்கள். இந்த நோயில் ரத்தக் குழாய் மட்டுமல்ல, பெருநாடி வால்வும் அதற்கு மேலுள்ள பகுதியும் சிறுவயதிலேயே சுருங்கலாம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பழுதான எல்டிஎல்ஆர் மரபணு உங்களிடமிருந்து ஒன்று, கணவரிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் மகளுக்கு வந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பொதுவாக இப்படி இரட்டைப் பிரதி மூன்று லட்சம் பேரில் ஒருவருக்குத்தான். சொந்தத்தில் கல்யாணம் செய்கிற நம் ஊர்களில் அந்தக் கணக்கு பொருந்தாது. கல்லீரல் செல்லின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி ஒன்று உண்டு, அதை உருவாக்குவது இந்த மரபணுதான். அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-ல் நோபல் வாங்கினார்கள். அந்த ஏற்பி அறவே இல்லை என்றால் எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றி, தோலிலும் தசைநாணிலும் குழாய்ச் சுவரிலும் படிகிறது.

ஆனால் நாளைக்கே நீங்களும் கணவரும் கொழுப்பு டெஸ்ட் எடுங்கள். இதுதான் முக்கியமான தடயம். இருவருக்கும் எல்டிஎல் 190-ஐ ஒட்டியோ மேலோ இருந்தால் எங்கள் சந்தேகம் உறுதியாகிறது. இருவருக்கும் சாதாரணமாக இருந்தால் கதை வேறு. எல்டிஎல்ஆர்ஏபி1 என்ற மரபணுவின் பழுதால், பெற்றோருக்குக் கொழுப்பு ஏறாமல் பிள்ளைக்கு மட்டும் ஏறுகிற ஒரு வகை உண்டு. இன்னொன்று சைட்டோஸ்டீரால் நோய். ஏபிசிஜி5, ஏபிசிஜி8 மரபணுப் பழுதால் தாவர எண்ணெயில் உள்ள ஸ்டீரால் உடம்பில் தேங்குவது அது. கட்டிகள் அச்சாக இதே மாதிரி இருக்கும், சாதாரண லேப் மெஷின் அந்த ஸ்டீராலையும் கொலஸ்ட்ரால் என்றே எண்ணிவிடும். பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்து, உருவம் பெரிதாகத் தெரிந்தால் லேப் டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டும். அங்கே வைத்தியமே மாறிப்போகும்: நல்லெண்ணெய், கடலை, பருப்பு வகைக் கொட்டைகளைக் குறைத்து, குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் மாத்திரை கொடுத்தாலே மளமளவென்று இறங்கும், ஸ்டேட்டின் பெரிதாக உதவாது. எனவே எசெட்டிமைப் தொடங்குவதற்கு முன் ஸ்டீரால் அளவு பார்க்க ஒரு டியூப் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மரபணு டெஸ்ட்டில் மூன்று விஷயம் கேளுங்கள். எல்டிஎல்ஆர், ஏபிஓபி, பிசிஎஸ்கே9, எல்டிஎல்ஆர்ஏபி1 ஆகியவற்றோடு ஏபிசிஜி5, ஏபிசிஜி8-உம் பட்டியலில் இருக்கிறதா? எல்டிஎல்ஆரில் பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் கண்டுபிடிக்கும் எம்எல்பிஏ அல்லது அதற்கு ஈடான முறையும் சேர்த்துச் செய்கிறார்களா? எழுத்து எழுத்தாகப் படிக்கிற முறை மட்டும் என்றால் துண்டு விடுபட்டதைத் தவறவிடலாம். மூன்றாவது, ரிசல்ட்டை விளக்க மரபணு ஆலோசகர் உண்டா?

ரிப்போர்ட்டில் ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று வந்தால் அது ஆம் என்றும் அல்ல, இல்லை என்றும் அல்ல. அதை வைத்து மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. பெற்றோரிடமும் பார்த்து, ஒரு வருடம் கழித்து மறுவகைப்படுத்தச் சொல்லலாம்.

இரட்டைப் பிரதி என்று உறுதியானால் வழக்கமான ஸ்டேட்டின் – எசெட்டிமைப் ஜோடி பாதி தூரம்கூடப் போகாது. ஏற்பி கொஞ்சமாவது வேலை செய்தால், பிசிஎஸ்கே9-ஐ அடைக்கும் எவோலோகுமாப் ஊசி பயன்படும். அறவே இல்லை என்றால் பயன்படாது. ஏற்பியைச் சாராமல் வேலை செய்வது எவினாகுமாப். ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டு எல்டிஎல்லை வடிகட்டுகிற அபெரசிஸ் வாரம் ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை. எந்த ஊசி, எந்த வழி என்று முடிவு செய்ய மரபணு ரிசல்ட் அங்கேதான் கைகொடுக்கிறது.

மகனையும் உடனே எடுங்கள். பெற்றோர் இருவரிடமும் ஒரு பழுது என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரட்டைப் பிரதி வர நான்கில் ஒரு வாய்ப்பு, ஒற்றைப் பிரதி வர இரண்டில் ஒன்று. பிறகு உங்கள் அம்மா, மாமா, சித்தி, பெரியம்மா பிள்ளைகள். குடும்பத்தில் பழுது எது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு பல மடங்கு குறையும்.

கேள்வி: ‘எம்டிஹெச்எஃப்ஆர் சி677டி, ஒரு பிரதி’ என்று ரிப்போர்ட். மாதம் 1,800 ரூபாய்க்கு வைட்டமின் எழுதியிருக்கிறார்கள்.
— கோயம்புத்தூர்

நிறுத்திவிடலாம். ஃபோலேட் வைட்டமினைக் கையாளும் மரபணுவில், உலகம் முழுக்க மிகச் சாதாரணமாகக் காணப்படும் மாற்றம் இது. இதனால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறலாம் என்ற கணக்கில்தான் வைட்டமின் எழுதுகிறார்கள். ஹோமோசிஸ்டீனை வைட்டமினால் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்று பெரிய சோதனைகளில் பார்த்தாயிற்று. ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. அமெரிக்க மருத்துவ மரபியல் கழகம் இந்த டெஸ்ட்டை வழக்கமாக எழுத வேண்டாம் என்று 2013-லேயே சொல்லிவிட்டது. சைவ உணவுக்காரராக இருந்தால் பி12 மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அது தனி விஷயம்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், லண்டனில் இருபது வருடம். இங்கே ஜிபி (குடும்ப டாக்டர்) க்யூரிஸ்க் என்ற பத்து வருட இதய ஆபத்துக் கணக்கைப் போட்டு 7 சதவீதம் என்கிறார். ஒரு கம்பெனியின் மரபணு ஸ்கோரில் ‘சராசரி’. வெள்ளையர்களை வைத்துப் போட்ட ஸ்கோர் எங்களுக்குப் பொருந்துமா?
— ஹாரோ, லண்டன்

பொருந்தும், ஆனால் பிசிறோடு. இந்த ஸ்கோர்களுக்கு அடிப்படையான தரவில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினர். 2020-ல் இதே 66 லட்சம் இடங்களின் ஸ்கோரைப் பெங்களூரைச் சேர்ந்த குழுவும் பாஸ்டன் குழுவும் சேர்ந்து தெற்காசியர்களிடம் சோதித்தார்கள். உயர்ந்த ஸ்கோர்காரர்களையும் தாழ்ந்த ஸ்கோர்காரர்களையும் அது நன்றாகவே பிரித்துக் காட்டியது. ஆகவே குப்பை என்று தள்ள வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். ஸ்கோரின் மூல எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. யாரோடு ஒப்பிட்டு நூறில் எத்தனையாவது என்று சொல்கிறார்கள் என்பதுதான் எல்லாமே. ஐரோப்பியக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் உங்கள் இடம் தப்பாக விழும். கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ‘ஒப்பீட்டுக் கூட்டத்தில் தெற்காசியர்கள் எத்தனை பேர்’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த ‘சராசரி’யை மறந்துவிடுங்கள். ஒரே ஆளை ஒரு ஸ்கோர் மேல் பத்து சதவீதத்திலும் இன்னொரு ஸ்கோர் நடுவிலும் வைப்பது அபூர்வமல்ல.

க்யூரிஸ்க்3-இல் இனம் ஒரு கேள்வி. இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் என்று தனித்தனியாக உண்டு. இலங்கைத் தமிழருக்குத் தனிக் கட்டம் இல்லாததால் ‘பிற ஆசியர்’ என்று போட்டிருப்பார்கள். 60 வயதுக்கு முன் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இதய நோய் வந்ததா என்ற கட்டம் சரியாக நிரப்பப்பட்டதா என்று பாருங்கள், அவசரத்தில் விட்டுவிடுவது அதுதான். எல்பி-ஏ அந்தக் கணக்கிலேயே இல்லை. ஸ்டேட்டினுக்கு வழக்கமான எல்லையான 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், நோயாளி விரும்பினால் ஸ்டேட்டின் பற்றிப் பேசலாம் என்று இங்கிலாந்தின் வழிகாட்டு நெறி 2023-இல் தளர்த்தப்பட்டிருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. ஜிபியிடம் அந்தப் பேச்சை நீங்களே தொடங்குங்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம். குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறேன். ‘இந்தியர்களுக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது, மரபணு பார்க்க வேண்டும்’ என்று வாட்ஸப்பில் வந்தது. நிறுத்திவிடலாமா?
— திருநெல்வேலி

நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதத்தில் இந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் விட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வாட்ஸப் செய்தியில் பாதி உண்மை. ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல், விழுங்கும்போது மருந்தாக இல்லை. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற என்சைம் அதை மாற்றினால்தான் வேலை செய்யும். இந்த மரபணுவில் ‘ஸ்டார் 2’ என்ற பழுது தெற்காசியர்களிடம் ஐரோப்பியர்களைவிட அதிகம். இரண்டு பிரதியும் பழுதானவர்களுக்கு மருந்தின் பலன் குறையும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-ல் மருந்தின் குறிப்புத் தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. ஒரு பிரதி மட்டும் பழுது என்றால் பலன் ஓரளவு குறையும், அவ்வளவுதான்.

டெஸ்ட் எடுப்பதென்றால் இப்போதுதான் எடுக்க வேண்டும். ஒரு வருடம் பிரச்சினை இல்லாமல் ஓட்டிய பிறகு எடுத்துப் பயன் குறைவு. பழுது தெரிந்தால் டாக்டர், இந்த என்சைமை நம்பியிராத டிகாகிரலோருக்கோ பிரசுகிரலுக்கோ மாற்றுவார். முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிரசுகிரல் கூடாது. நீங்கள் டிகாகிரலோரில் இருந்திருந்தால் இந்த டெஸ்ட்டே தேவைப்பட்டிருக்காது.

டெஸ்ட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் உங்கள் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். ‘கேஸ் மாத்திரை’ என்று ஒமெப்ரசோலோ எஸோமெப்ரசோலோ இருக்கிறதா? அதே என்சைமை அவை அடைத்துக்கொள்ளும். மரபணு நன்றாக இருந்தும் பழுதானவர் மாதிரி ஆகிவிடுவீர்கள். பேன்டோபிரசோலுக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ‘இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இருக்கும் இதய மரபணு’ எனக்கு இருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. ஆஞ்சியோ எடுக்க வேண்டுமா?
— மதுரை

வேண்டாம். இது அடைப்பு சம்பந்தப்பட்டதே அல்ல. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் மாற்றம் இது. இதை விரிவாக ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட குழுவில் உங்கள் ஊர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் ஹைதராபாத்தின் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வாளர்களும் முக்கியமானவர்கள். இதயத் தசை தடித்தோ தளர்ந்தோ போய், வயதான பிறகு இதயம் செயலிழக்கும் வாய்ப்பை இது கூட்டுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது.

500 பேர் உட்கார்ந்த கல்யாண மண்டபத்தில் 20 பேருக்கு இது இருக்கும்; அவர்களில் பெரும்பாலோர் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேருவார்கள். விடுபட்ட 25 எழுத்துகளோடு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்து வருகிறவர்களுக்குத்தான் பிரச்சினை அதிகம் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுங்கள். சாதாரணமாக இருந்தால் சில வருடத்துக்கு ஒருமுறை எக்கோ போதும். மயக்கம், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இருந்தால் மட்டும் இதயத் தசை நோய் பார்க்கும் நிபுணரிடம் போங்கள். பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள்; பலவீனமான தசைக்குக் கூடுதல் சுமை ஆகாது.

கேள்வி: எனக்கு 72. ரத்த அணு குறைவு என்று பார்த்தபோது ‘டெட்2 மரபணு மாற்றம்’ என்றார்கள். இதயத்துக்கும் ஆபத்து என்கிறார்கள். பிள்ளைகளுக்கு வருமா?
— திருச்சி

வராது. இது பிறப்பில் வந்ததல்ல. எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரு தாய்ச்செல்லில் வயதான பிறகு மாற்றம் ஏற்பட்டு, அதன் வாரிசுகள் ரத்தத்தில் பெருகுவது. 70 தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. இந்தச் செல்கள் குழாய்ச் சுவரில் அழற்சியைக் கிளப்புவதால் இதய நோய் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகும் என்று 2017-ல் வெளியான ஆய்வு சொன்னது. இதற்கென்று தனி இதய மருந்து கிடையாது. எல்டிஎல், பிரஷர், புகை இவற்றைக் கறாராகப் பாருங்கள். உங்களுக்கு அணுக்களும் குறைந்திருப்பதால் ரத்தநோய் டாக்டரின் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு துளி ரத்தத்தில் 23 மரபணு பார்த்து அடைப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாமே?
— புதுச்சேரி

துளி அல்ல, டியூப். கோரஸ் சிஏடி என்ற பெயரில் கலிபோர்னியாவிலிருந்து வந்த டெஸ்ட் அது. டிஎன்ஏ எழுத்தைப் பார்க்கவில்லை. ரத்த அணுக்களில் 23 மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று ஆர்என்ஏ-வை அளந்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்து ஒரு ஸ்கோர் கொடுத்தது. 15-ம் அதற்குக் கீழும் என்றால் பெரிய அடைப்புக்கு வாய்ப்புக் குறைவு. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு இன்று அடைப்பு உண்டா என்பதற்கான டெஸ்ட், நாளைய ஆபத்துக்கு அல்ல. சுகர் உள்ளவர்களுக்குச் செல்லாது என்பதாலேயே நம் ஊரில் பலருக்கு உதவியிருக்காது. ஸ்கோரில் வயதும் பாலினமுமே பெரும்பங்கு வகிக்கின்றன, மரபணுக்கள் கூடுதலாகச் சொன்னது எவ்வளவு என்ற விமர்சனம் கடைசிவரை தொடர்ந்தது. அமெரிக்க அரசின் மூத்தோர் காப்பீடான மெடிகேர் கொடுத்துவந்த பணத்தை 2018-ல் நிறுத்தியதும் டெஸ்ட்டும் போய்விட்டது. இதே பாணியில் வேறு பெயரில் யாராவது விற்றால், சிடி ஆஞ்சியோவோடு ஒப்பிட்ட கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மரபணு ஸ்கோர் ‘மிகக் குறைவு’. சிகரெட்டை விட வேண்டியதில்லைதானே?
— நாகர்கோவில்

விட வேண்டும். 55,000 பேரைப் பார்த்து 2016-ல் வெளியான ஆய்வில், மரபணு ஆபத்து அதிகமானவர்கள்கூட நல்ல பழக்கத்தால் ஆபத்தைப் பாதிக்குக் கிட்ட குறைத்தார்கள். குறைந்த ஸ்கோர்காரர்களின் சாதகத்தைக் கெட்ட பழக்கம் தின்றுவிட்டது. உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

கேள்வி: மரபணு ரிப்போர்ட் இருந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்காமல் போகுமா?
— வேலூர்

இதய தசை நோயாளி ஒருவரின் மெடிக்ளெய்ம் வழக்கில், ‘மரபணுக் கோளாறு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பணம் மறுப்பது பாரபட்சம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, அந்தக் காரணம் காட்டி க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றம் போனது. மரபணுத் தகவலைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

நடைமுறையில்: விண்ணப்பத்தில் கேட்டதை மறைக்காதீர்கள், பின்னால் க்ளெய்ம் விழும். நோய் அறிகுறி ஏதும் இல்லாமல் ஆர்வத்துக்காக மட்டும் பல்மரபணு ஸ்கோர் எடுக்க நினைக்கிறவர்கள், ஆயுள் பாலிசியும் மெடிக்ளெய்மும் முதலில் எடுத்துவிட்டு டெஸ்ட்டை வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கொழுப்பு டெஸ்ட்டை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மரபணு டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் போகணுமா? போன மாதம் எனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், பரவாயில்லையா?
— நாகப்பட்டினம்

சாப்பிட்டுவிட்டே போகலாம், டிஎன்ஏ இட்லிக்கு மாறாது. எல்பி-ஏவுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடி போட்ட ஈடிடிஏ டியூபில் 3, 4 மில்லி எடுப்பார்கள். பச்சை மூடி ஹெப்பாரின் டியூபில் எடுத்தால், டிஎன்ஏ-வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் தடைபடலாம். லேபில் புதியவர் இருந்தால் மூடியின் நிறத்தை நீங்களே கவனியுங்கள். சிவப்பணுவில் உட்கரு கிடையாது, டிஎன்ஏ வருவது வெள்ளை அணுவிலிருந்து. ஏற்றிய ரத்தத்தில் கொஞ்சம் வெள்ளை அணுவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், ஆனால் அது சீக்கிரம் கரைந்துவிடும். இருந்தாலும் ஏற்றிய தேதியைப் படிவத்தில் எழுதுங்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அந்த லேபின் விதிப்படி சொல்வார்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள் மட்டும் ரத்தமே கொடுக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் வருவது தானம் கொடுத்தவரின் மரபணு. எச்சிலிலும் அந்த வெள்ளை அணுக்கள் கலந்திருக்கும் என்பதால், அவர்களுக்குத் தோலில் சிறு துண்டு எடுத்து வளர்த்துத்தான் பார்ப்பார்கள்.